கண் தானத்துக்காக ஓர் உலக சாதனை முயற்சி: முதல்முறை இறங்குபவர்களுக்கான வழிமுறை

லாய்டு ஸ்காட் என்ற முன்னாள் தீயணைப்பு வீரர், 2002-இல் லண்டன் மாரத்தானைப் பழைய காலத்து ஆழ்கடல் முக்குளிப்பு உடை அணிந்து நடந்தே முடித்தார். அந்த உடையின் எடை ஏறக்குறைய 59 கிலோ. மற்றவர்கள் சில மணி நேரத்தில் முடித்த 42 கிலோமீட்டரைக் கடக்க அவருக்கு ஐந்து நாளுக்கு மேல் ஆனது. அதனால்தான் நிருபர்கள் அவரைக் கவனித்தார்கள். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர் அவர். புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக நிதி திரட்டினார். அவரைப் பற்றி எழுதியவர்கள் அந்தக் குழந்தைகளைப் பற்றியும் எழுதினார்கள்.

நல்ல காரியத்துக்காகச் சாதனை முயற்சி செய்ய நினைப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும். செயலைப் பார்த்தவுடன் காரணம் புரிய வேண்டும். கண் தானத்தை உதாரணமாக வைத்துக்கொண்டு, ஒரு சிறு ஊரின் தன்னார்வக் குழு இதை எப்படிச் செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்

"கண் தான விழிப்புணர்வு" என்று மட்டும் எழுதினால் போதாது. நம் செய்தியைப் படித்தவர் மறுநாள் என்ன செய்ய வேண்டும்? இறந்த பிறகு ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். வயது தடையில்லை. கண்ணாடி போட்டவரும் சர்க்கரை நோயாளியும்கூடக் கொடுக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் முடிவெடுப்பது, அழுதுகொண்டிருக்கும் குடும்பம். கையெழுத்துப் போட்ட உறுதிமொழி அட்டை பீரோவில் கிடக்க, யாருக்கும் நினைவு வராமலே நேரம் கடந்துவிடுவதுதான் அதிகம். ஆகவே நம் வரி இப்படி இருக்கட்டும்: "வீட்டில் எல்லோரும் இதைப் பற்றி ஒருமுறை பேசியிருக்க வேண்டும், எல்லோர் போனிலும் கண் வங்கியின் எண் இருக்க வேண்டும்."

இந்த வரியைக் குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: செயலைத் தேர்ந்தெடுங்கள்

2014 அக்டோபரில், உலகக் கை கழுவும் நாளையொட்டி, மத்தியப் பிரதேசத்தில் 13,196 இடங்களில் 12,76,425 பேர் கை கழுவிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். இதற்கு விளக்கமே தேவையில்லை. செய்த செயலே சொல்ல வந்த செய்தி. கலந்துகொண்ட ஒவ்வொரு பிள்ளையும் சோப்புப் போட்டுக் கழுவப் பழகிவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கும்.

இதோடு, கண் தானத்துக்காக உலகின் மிகப் பெரிய கேக் செய்வதை ஒப்பிட்டுப் பாருங்கள். படம் அழகாக வரும். படத்தின் கீழே எழுதிய காரணத்தை யாரும் படிக்க மாட்டார்கள். (உணவுச் சாதனைகளில் உணவு வீணாகக் கூடாது, மக்கள் சாப்பிட்டாக வேண்டும் என்பது கின்னஸ் விதி. அதை மீறினால் சாதனையும் போகும், நல்ல பெயரும் போகும்.)

கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டமாக நடப்பது ஒரு யோசனை. ஆனால் அதற்கு முன் பார்வையற்ற நண்பர்களிடம் கேளுங்கள். இருட்டை ஒரு விளையாட்டாகக் காட்டுவது சிலருக்கு வலிக்கும். அவர்களே முன்னால் நின்று வழிநடத்தினால் அந்த நடையின் பொருளே மாறிவிடும். கண் தானத்தால் பார்வை பெறக்கூடியவர்கள் கருவிழி பாதிக்கப்பட்டவர்கள் மட்டும்தான் என்பதையும் மேடையில் சொல்லியாக வேண்டும். பொய் நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

சரி, நினைத்த செயல் சாதனையாகுமா? கின்னஸ் பார்ப்பது இவை: அளக்க முடிய வேண்டும், அளந்ததை நிரூபிக்க முடிய வேண்டும், வேறொருவர் அதே விதியில் முறியடிக்க முடிய வேண்டும், ஒரே ஓர் அளவை மட்டும் வைத்து ஒப்பிட வேண்டும். "மிக உருக்கமான நடை" என்பது சாதனையாகாது. "ஒரே நேரத்தில் அதிகம் பேர் நடந்தது" ஆகலாம்.

உங்கள் பலத்தையும் பாருங்கள். 2014 டிசம்பரில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் 43,830 பேர் சேர்ந்து மனிதத் தேசியக் கொடி அமைத்தார்கள். கூட்டச் சாதனைகளில் ஐம்பது பேருக்கு ஒரு கண்காணிப்பாளர் என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் கண்காணிக்க மட்டுமே 877 பேர். இருபது பேர் கொண்ட குழு தலை எண்ணிக்கைச் சாதனையை நாட வேண்டாம். ஒருவரோ சிலரோ நெடுநேரம், நெடுந்தூரம் செய்யும் சாதனையைத் தேடுங்கள்.

படி 3: விண்ணப்பியுங்கள்

கின்னஸ் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, ஏற்கெனவே அப்படி ஒரு தலைப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதற்கே விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே உள்ள தலைப்புக்குச் சாதாரண முறையில் கட்டணம் இல்லை. பதில் வர மூன்று மாதம்வரை ஆகலாம். விரைவாகப் பதில் வேண்டுமென்றாலோ, நடுவர் நேரில் வர வேண்டுமென்றாலோ பணம் கட்ட வேண்டும். நடுவர் கட்டாயம் இல்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி ஆதாரங்களை ஒழுங்காகச் சேகரியுங்கள்.

ஒப்புதல் வந்ததும் விதிமுறைக் கோப்பு கிடைக்கும். அதை மூன்று பேர் தனித்தனியாகப் படித்து, சந்தேகங்களைச் சேர்த்து எழுதிக் கேளுங்கள். விதிமுறை வருவதற்கு முன் நாள் குறிக்காதீர்கள், சுவரொட்டி அடிக்காதீர்கள்.

இன்னொன்று. "உலக சாதனை" என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு கேட்ட சான்றிதழைத் தரும் அமைப்புகளும் இருக்கின்றன. விதிமுறையே தராமல் முதலில் தொகையைச் சொல்பவர்களிடமிருந்து விலகிவிடுங்கள். நன்கொடையாளர் தந்த காசு அது.

படி 4: நாளும் இடமும்

இந்தியாவில் ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண் தான இருவாரம். அந்த நாட்களில் பத்திரிகைகளே இந்தச் செய்தியைத் தேடும். காவல்துறை அனுமதி, மைதான அனுமதி, ஆம்புலன்ஸ், குடிநீர், நிழல் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் கலந்துகொண்டால் பெற்றோர் சம்மதம் வேண்டும். காலை ஒன்பதுக்குள் முடித்து அனுப்பிவிடுங்கள்.

தனியாள் சாதனை என்றால் மருத்துவர் "போதும்" என்றால் நிறுத்த வேண்டும். அந்த அதிகாரத்தை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள். இலங்கையின் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தவர், பல கின்னஸ் சாதனைகளுக்குச் சொந்தக்காரர். அவரே 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். எவ்வளவு பழகிய உடலுக்கும் எல்லை உண்டு.

படி 5: ஆதாரம்

முயற்சிகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். நான் தன்னார்வலராக நின்ற ஒரு நிகழ்ச்சியில் வேலை அருமையாக நடந்தது. ஆனால் ஒரே ஒரு கேமரா. நடுவில் பேட்டரி தீர்ந்து, பன்னிரண்டு நிமிடம் பதிவே இல்லை. ஆறு மாத உழைப்பு அதோடு போயிற்று. வீட்டிலிருந்து தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்து நின்ற அந்தப் பெண்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான்: இரண்டு கேமரா, இரண்டு மின்சார வழி, மாற்று மெமரி கார்டு. தொடக்கம் முதல் முடிவுவரை வெட்டாத பதிவு.

சாட்சிகள் குறைந்தது இருவர் வேண்டும். உங்கள் உறவினரோ, குழு உறுப்பினரோ, விழாவுக்குப் பணம் கொடுத்தவரோ கூடாது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வழக்கறிஞர் போன்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். பார்த்ததை அவர்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நேரம் அளக்கும் சாதனைக்கு இரண்டு ஸ்டாப்வாட்ச், பழக்கமுள்ள இரண்டு பேர். நெடுநேரச் சாதனைக்கு நேரக் குறிப்பேடு.

கூட்டச் சாதனையில் நுழையும் வழி ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பட்டை கொடுங்கள். ஒழுங்காகச் செய்யாதவர்களைக் கண்காணிப்பாளர் கழித்துவிட வேண்டும். தன் மாமாவையும் கழிக்கத் தயங்காதவரைத்தான் அந்த வேலைக்குப் போட வேண்டும். ஒரு வாரம் முன்பு நூறு பேரை வைத்து ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

படி 6: பணம்

2020-இல் இங்கிலாந்தின் டாம் மூர் என்ற 99 வயது முன்னாள் ராணுவ வீரர், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டு வளாகத்தில் நூறு சுற்று நடந்தார். ஆயிரம் பவுண்டு திரட்டத்தான் தொடங்கினார். சேர்ந்தது 3 கோடியே 20 லட்சம் பவுண்டுக்கும் மேல்; தனிநபர் நடையில் திரண்ட அதிகபட்ச நிதி என்று கின்னஸில் பதிவானது. அந்தப் பணம் மருத்துவத் தொண்டு அமைப்புக்குப் போனது. பிறகு அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை நிர்வகிக்கப்பட்ட விதத்தை, அங்குள்ள அறக்கட்டளை ஆணையம் 2024-இல் கடுமையாகக் குறை கூறியது. அந்தப் பெரியவர் நடந்த நடைக்கு நேர வேண்டியதல்ல அது.

பதிவுபெற்ற அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் மட்டும் பணம் வாங்குங்கள். ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது. வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். செலவுக் கணக்கை ஒரு மாதத்துக்குள் பொதுவில் வையுங்கள்.

படி 7: செய்தி

பத்திரிகைகளுக்கான செய்திக்குறிப்பு ஒரே பக்கம். முதல் வரியில் ஆறு மணி நேரம் என்ற செய்தியும் கண் வங்கியின் எண்ணும். சாதனை இரண்டாம் வரியில். நிருபர்களுக்கு இரண்டு நாள் முன்னால் அனுப்பி, நிகழ்ச்சி முடிந்த ஒரு மணி நேரத்தில் நல்ல படங்கள் மூன்று கொடுங்கள். கருவிழி பெற்று இப்போது படிக்கிற, வேலை பார்க்கிற யாராவது சம்மதித்தால் அவரைப் பேச வையுங்கள். சான்றிதழ் வரும்வரை "சாதனை முயற்சி" என்றே எழுதுங்கள். கின்னஸ் சின்னத்தை அனுமதியில்லாமல் பதாகையில் போடக் கூடாது.

அப்புறம், கலந்துகொண்டவர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் கழித்து ஒவ்வொருவரையும் அழையுங்கள். "வீட்டில் பேசினீர்களா? எண்ணைப் போனில் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டு, ஆம் என்றவர்களை ஒரு நோட்டில் குறியுங்கள். இல்லை என்றவர்களுக்கு அப்போதே எண்ணை அனுப்பிவிட்டு, அடுத்த மாதம் மறுபடி அழையுங்கள்.