துணைப்பயணி விடைபெறும் எபிசோடில் லாஜிக் ஓட்டை: கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

டைம் டிராவல் தொடர்களில், நாயகனோடு கூடவே காலம் கடக்கும் துணைப்பயணி விடைபெறும் எபிசோடில்தான் ஓட்டை அதிகம் விழும். அந்த ஆள் செத்துவிட்டால் கேள்வி அதோடு முடிந்தது. ‘உயிரோடுதான் இருக்கிறாள், ஆனால் இனி பார்க்கவே முடியாது’ என்று முடித்தால் சிக்கல். கால இயந்திரத்தை வாசலில் நிறுத்தி வைத்திருப்பவன் ஏன் போய்ப் பார்க்கவில்லை? இதற்குப் பதில் சரியாக இருந்தால் மற்றச் சில்லறை ஓட்டைகளைப் பார்ப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள்.

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் குறும்படமோ வெப் சீரிஸோ எழுத உட்காருகிறவர்களுக்கு டைம் டிராவல் என்றதும் தனுஷ்கோடிதான் நினைவுக்கு வரும். அவர்களுக்காகவே இந்த வழிமுறை. பாடத்துக்கு எடுத்துக்கொள்வது, ‘டாக்டர்’ என்ற நாயகன் டார்டிஸ் என்ற கால இயந்திரத்தில் சுற்றும் பிரிட்டிஷ் தொடரான டாக்டர் ஹூவில் 2012 செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பான ‘தி ஏஞ்சல்ஸ் டேக் மன்ஹாட்டன்’. ஏமி, ரோரி என்ற தம்பதி விடைபெறும் எபிசோடு; எழுதியவர் ஸ்டீவன் மொஃபாட்.

மூன்று முறை பாருங்கள்

முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள். சந்தேகம் எழும் நிமிடத்தை மட்டும் குறியுங்கள், காரணம் எழுத வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே எழும் சந்தேகம் பெரிய ஓட்டை. படம் முடிந்து, சாப்பிட்டு, படுத்த பிறகு வருவது சின்ன ஓட்டை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால் எதை முதலில் அடைப்பது என்று தெரியாது.

இரண்டாம் முறை வசனத்தை மட்டும் கவனியுங்கள். ‘முடியாது’, ‘கூடாது’, ‘எப்போதும்’, ‘ஒரே ஒரு வழி’ என்று யார் சொன்னாலும் நிறுத்தி எழுதுங்கள். நோட்டில் நாலு கட்டம் போதும்: நிமிடம், விதி, சொன்னது யார், மீறப்பட்டது எங்கே. நாலாவது கட்டம் நிரம்பும் வரிசைகள்தான் உங்கள் வேலை.

மூன்றாம் முறை பார்ப்பதற்கு முன், கதையில் காலம் கடக்க என்னென்ன வழி இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். மன்ஹாட்டன் எபிசோடில் மூன்று வழி இருக்கிறது: டாக்டரின் டார்டிஸ், ஏமி, ரோரியின் மகள் ரிவர் சாங் கையில் கட்டியிருக்கும் வோர்டெக்ஸ் மேனிப்புலேட்டர், ஆளைத் தொட்டுப் பழைய காலத்துக்கு அனுப்பும் ஏஞ்சல் சிலைகள். நாலாவது வழி ஒன்று எல்லாக் கதையிலும் உண்டு. சும்மா உட்கார்ந்து வருஷங்களைக் கழிப்பது. இந்த ஒவ்வொரு வழியும் ஏன் உதவாது என்று கதை சொல்கிறதா என்று பார்ப்பதுதான் மூன்றாம் முறை.

மன்ஹாட்டனில் எங்கே இடிக்கிறது

கதைச் சுருக்கம் இது. 2012 நியூயார்க்கில் காபி வாங்கப் போகும் ரோரியை ஏஞ்சல்கள் 1938-க்கு அனுப்பிவிடுகின்றன. அங்கே ‘விண்டர் கீ’ என்ற கட்டடத்தில், கிழவனாகிவிட்ட ரோரி படுக்கையில் உயிர் விடுவதை இளம் ரோரியே பார்க்கிறான். அந்த எதிர்காலத்தை உடைக்க ரோரியும் ஏமியும் மொட்டைமாடியிலிருந்து குதிக்கிறார்கள். இளமையிலேயே செத்தவன் கிழவனாகிச் சாக முடியாதே; அந்த முரண்பாட்டில் அந்த இடமே இல்லாமல் போகிறது; எல்லோரும் 2012-இல் ஒரு கல்லறைத் தோட்டத்தில் கண் விழிக்கிறார்கள். மிஞ்சிய ஒற்றை ஏஞ்சல் ரோரியைத் தொடுகிறது. ஏமியும் வேண்டுமென்றே அதன் கையில் சிக்கி அவன் பின்னால் போகிறாள். கல்லறைக் கல்லில் ரோரி 82 வயதில், ஏமி 87 வயதில் என்று பெயர்கள் இருக்கின்றன.

கண்ணில் முதலில் படுவது சுதந்திர தேவி சிலை. அதையும் ஏஞ்சல் என்று நடக்க விட்டிருக்கிறார்கள். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஏஞ்சல் அசைய முடியாது என்பது 2007-இல் ‘பிளிங்க்’ எபிசோடில் போட்ட விதி. ராத்திரியும் தூங்காத நகரத்தில், 46 மீட்டர் உயரச் சிலையை ஒரு கண்கூடப் பார்க்காத நேரம் எது? அது கல் சிலையும் இல்லை, இரும்புச் சட்டத்தின் மேல் செப்புத் தகடு. ஏஞ்சலின் உருவமே ஏஞ்சலாக மாறும் என்று 2010-இல் ஒரு விதி வந்ததால் செப்புக்குச் சமாதானம் சொல்லலாம். பார்வைக்குச் சொல்ல முடியாது. ஆனாலும் இது கதையின் முடிவைத் தொடாத ஓட்டை. சிலையை வெட்டி எறிந்தாலும் பிரிவு அப்படியேதான் இருக்கும். எழுதுகிறவர் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

முடிவைத் தொடும் ஓட்டை வேறு. முரண்பாட்டால் அந்தக் கால நியூயார்க் சிதைந்திருக்கிறது, டார்டிஸ் மறுபடி இறங்கினால் நகரமே தாங்காது என்கிறார் டாக்டர். சரி, நியூயார்க்கில் இறங்க வேண்டாம். பக்கத்து மாநிலத்தில் இறங்கி ரயில் ஏறலாமே? 1938 வேண்டாமென்றால் 1950-இல் போகலாமே? அவர்கள் நியூயார்க்கிலேயே காலமெல்லாம் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள் என்று கதை சொல்லவில்லை. அதோடு, ரிவர் எழுதும் நாவலை ஏமிக்கு அனுப்பி, அவள் கையால் ஒரு பின்னுரை வாங்கிப் பதிப்பிப்பதாகவும் வருகிறது. காகிதம் போய் வருகிற வழியில் ஆள் போக முடியாதா என்று பார்ப்பவர் கேட்பார்.

கல்லறைக் கல்தான் பூட்டு என்பார்கள் ரசிகர்கள். முன்கூட்டியே படித்துவிட்டால் அது நடந்தே தீரும் என்ற விதியை எபிசோடு ஆரம்பத்திலேயே போட்டுவிடுகிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தக் கல் சொல்வதெல்லாம் ‘இந்த வயதில் இறந்தார்கள், இங்கே புதைக்கப்பட்டார்கள்’ என்பது மட்டும். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து டீ குடித்துவிட்டுப் போகவில்லை என்று அதில் எழுதவில்லையே.

இந்த இடத்தில்தான் இந்த வகைக் கதைகளின் அடிப்படைக் கோளாறு தெரியும். ‘கூட்டி வர முடியாது’ ஒரு பூட்டு. ‘போய்ப் பார்க்க முடியாது’ இன்னொரு பூட்டு. கதாசிரியர்கள் முதல் பூட்டைப் போட்டுவிட்டு இரண்டும் பூட்டியாச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஸ்கிரிப்டிலும் இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் எழுதுங்கள். ஒரே காரணம் இரண்டையும் பூட்டினால் அதிர்ஷ்டம்.

அதே தொடரில் நன்றாகப் பூட்டிய எபிசோடும் உண்டு. 2006 ஜூலை 8 அன்று வந்த ‘டூம்ஸ்டே’யில் ரோஸ் என்ற துணைப்பயணி வேறொரு பிரபஞ்சத்தில் மாட்டிக்கொள்கிறாள். நடுவிலிருந்த விரிசல் மூடிக்கொள்கிறது. டார்டிஸும் போகாது, நடந்தும் போக முடியாது, காத்திருந்தாலும் வந்து சேராது. கடைசியாக முகம் காட்டிப் பேசுவதற்கே ஒரு சூரியனை எரிக்க வேண்டியிருக்கிறது. எல்லா வழியும் ஒரே சுவரில் முட்டுகிறது. 2008-இல் அவளைத் திரும்பக் கொண்டுவந்தபோதுகூட, பிரபஞ்சங்களுக்கு நடுவிலுள்ள சுவர் நைந்துபோகிறது என்று காரணம் காட்டிவிட்டுத்தான் திறந்தார்கள்.

தனுஷ்கோடியில் வைத்துப் பார்ப்போம்

நம் கதையில் நாயகன் குமரன், துணைப்பயணி செல்வி. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் செல்வி தங்கிவிடுகிறாள். முதல் வரைவில் எல்லோரும் எழுதுவது: ‘புயலில் காலம் கிழிந்துபோச்சு, இனி அந்த ஊருக்குப் போக முடியாது.’

மூன்றாம் முறைக்குச் சொன்ன வழிப் பட்டியலைப் போடுங்கள். தனுஷ்கோடிக்குப் போக முடியாதென்றால் குமரன் மண்டபத்தில் இறங்குவான். மண்டபத்துக்கும் பாம்பன் தீவுக்கும் நடுவில் சுமார் 2 கிலோமீட்டர் கடல். புயல் அடங்கியதும் வல்லத்தில் தாண்டிவிடலாம். அதுவும் வேண்டாமென்றால் இருக்கவே இருக்கிறது பாலம். உடைந்த பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். செல்விக்கு மட்டும் காலில்லையா? அவளே ரயிலேறி மெட்ராஸ் போய்க் காத்திருக்கலாம், கடுதாசி எழுதி யாரிடமாவது கொடுத்து வைக்கலாம். நியூயார்க்குக்குப் பக்கத்து மாநிலம் எப்படியோ, தனுஷ்கோடிக்கு மண்டபம் அப்படி. இடத்தைப் பூட்டினால் ஆள் நடந்து வெளியே வந்துவிடுவார். பூட்டை ஆள் மேல் போட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு விதி: ஒரே காலத்தில் 12 விடியல் தங்கிவிட்டால் உடம்பு அந்தக் காலத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பெயர்த்தால் பிழைக்காது. ‘கூட்டி வர முடியாது’ பூட்டியாச்சு. ‘போய்ப் பார்க்க முடியாது’ இன்னும் திறந்தே கிடக்கிறது. அதற்கு இரண்டாம் விதி வேண்டும், அல்லது செல்வியின் வாயால் ஒரு முடிவு வேண்டும். நம் பரிந்துரை இரண்டாவது. குமரன் வந்து வந்து போனால் அவளுக்கு ஒரு மாதம் ஆகும் இடத்தில் இவனுக்கு ஒரு நாள்தான் ஆகும். அவள் கிழவியாவதை இவன் ஒரே வருஷத்தில் பார்த்து முடித்துவிடுவான். ‘அப்படிப் பாக்க வராதீங்கண்ணே’ என்று அவள் சொன்னால், அதில் ஓட்டை தேட ஆள் வராது. இயந்திரம் முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். மனுஷி வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்கள்.

விதியை எங்கே நடுவது என்பதும் கணக்குதான். 45 நிமிட எபிசோடில் 15-ஆம் நிமிடத்துக்குள், 20 நிமிடக் குறும்படத்தில் 6-ஆம் நிமிடத்துக்குள் அது வந்துவிட வேண்டும். சொன்னால் மட்டும் போதாது. யாரும் அழாத ஒரு காட்சியில் அந்த விதி யாரையாவது பாதிக்க வேண்டும். 12 விடியல் விதிக்கு, குமரன் பழைய காலத்திலிருந்து தூக்கி வந்த ஒரு ஆட்டுக்குட்டி மறுநாள் செத்துக் கிடப்பது போதும். அழுகைக் காட்சியில் முதல்முறையாகச் சொல்லப்படும் விதி, கதாசிரியர் அப்போதுதான் யோசித்தது என்று அப்பட்டமாகத் தெரியும்.

இன்னொரு கேள்வி இந்தக் கரையில் கட்டாயம் வரும். அந்த ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. கால இயந்திரம் வைத்திருப்பவன் அதை ஏன் நிறுத்தவில்லை? டாக்டர் ஹூவில் இதற்கு ‘மாற்ற முடியாத புள்ளி’ என்ற விதி உண்டு. 2008-இல் வந்த பாம்பெய் எபிசோடில் ஊரைக் காப்பாற்ற முடியாமல், துணைப்பயணி டோனா கெஞ்சியதால் ஒரே ஒரு குடும்பத்தை மட்டும் டாக்டர் காப்பாற்றுவார். உங்கள் கதையிலும் குமரன் முயன்று தோற்பதைக் காட்டுங்கள், அல்லது ரயிலைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள். அந்தப் புயலில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தத் தீவில் இன்னும் இருக்கின்றன. பின்னணி அலங்காரத்துக்கு அந்த ரயிலைக் காட்டுவது லாஜிக் தவறைவிடப் பெரிய தவறு.

உள்ளூர்க் கண்ணுக்குத் தெரியும் ஓட்டைகள்

டைம் டிராவல் விதி எல்லாம் சரியாக இருந்து, கடல் தப்பாக இருந்தால் படம் போச்சு. டிசம்பர் வாடைக்காற்றுக் காலம். அப்போது வடக்கே பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் நேர் எதிர். கோடை லீவில் தெற்குக் கடலின் அலையைப் படம்பிடித்து மார்கழி என்று ஒட்டினால், ‘தம்பி, மார்கழியில தெக்குக் கடல் இப்படியா கெடக்கும்?’ என்று முதல் காட்சியிலேயே கேட்பார்கள். புயல் ராத்திரிக்கு மட்டும் இரண்டு பக்கமும் பொங்கலாம். அதற்கு முந்தின நாள் காட்சிக்கு இந்தச் சலுகை கிடையாது.

பாம்பனை ஃபிரேமில் வைக்கும்போது வருஷத்தைப் பாருங்கள். ரயில் பாலம் 1914-இல் திறந்தது, அது இருக்கலாம். பக்கத்தில் ஓடும் சாலைப் பாலம் 1988-இல் வந்தது, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புது ரயில் பாலம் 2025 ஏப்ரலில் வந்தது; இரண்டும் 1964 காட்சியில் தெரியவே கூடாது. தண்டவாளத்தைக் கிட்டே காட்டாதீர்கள். அன்றைக்கு மீட்டர் கேஜ், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர்தான். இன்றைக்கு அகலப்பாதை, 1.676 மீட்டர். புயலுக்கு முந்தின தனுஷ்கோடியில் சர்ச்சும் ஸ்டேஷனும் முழுசாக நின்றன, ஆட்கள் நடமாடினார்கள். இன்றைய இடிபாட்டைக் காட்டி ‘டிசம்பர் 21’ என்று எழுத்துப் போடுவது எந்த டைம் டிராவல் முரண்பாட்டையும்விட மோசம்.

செல்வியின் கைப்பையையும் கொட்டிப் பாருங்கள். இன்றைய 500 ரூபாய் நோட்டை வைத்து 1964-இல் ஒரு டீகூட வாங்க முடியாது. முதல் வாரம் அவள் எப்படிச் சாப்பிட்டாள் என்று ஒரு வரி வேண்டும். மூக்குத்தியை அடகு வைத்தாள் என்றால்கூடப் போதும். ஆனால் அந்த மூக்குத்தி முந்தைய காட்சியில் மூக்கில் இருந்திருக்க வேண்டும்.

விட்டுவிட்டு வந்தவர்கள்

மன்ஹாட்டன் எபிசோடில் பலருக்கும் உறுத்தியது ரோரியின் அப்பா பிரையன். முந்தைய எபிசோடில் அவரேதான் பிள்ளைகளைப் பயணத்துக்கு அனுப்பி வைத்தவர். அவருக்கு யார் தகவல் சொன்னார்கள் என்று எபிசோடில் இல்லை. அந்த முந்தைய எபிசோடை எழுதிய கிறிஸ் சிப்னால் அதற்கென ஒரு காட்சி எழுதினார், படமாக்கவில்லை. ஏமியும் ரோரியும் தத்தெடுத்த மகன் ஆண்டனி, கிழவராக பிரையன் வீட்டுக் கதவைத் தட்டி ரோரியின் கடிதத்தைக் கொடுக்கும் காட்சி அது. ‘பி.எஸ்.’ என்ற பெயரில், ஸ்டோரிபோர்டு ஓவிய வடிவில், அதே வருஷம் அக்டோபரில் வெளியிட்டார்கள். சில நிமிடக் காட்சிதான்.

உங்கள் ஸ்கிரிப்டின் கடைசிப் பக்கத்தில் செல்வியைத் தேடப்போகிறவர்கள் பெயரை எழுதுங்கள். அம்மா, வேலை கொடுத்தவர், சீட்டுப் பணம் கட்டச் சொல்லி ஃபோன் அடிப்பவர். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், அவருக்கு எப்போது, யார் மூலம் தெரியவரும் என்று எழுதுங்கள். எல்லாவற்றையும் படமாக்க வேண்டியதில்லை. அம்மாவின் பெயருக்கு எதிரில் காலியாக இருந்தால் மட்டும் படப்பிடிப்பைத் தள்ளிப்போடுங்கள்.