மாநிலக் கடன் விவாதம்: நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

தமிழ்நாட்டின் கடன் 9 லட்சம் கோடியைத் தாண்டுகிறது என்று ஒரு தரப்பு அலறும். எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று மறு தரப்பு சொல்லும். இரண்டுமே உண்மைதான். ஆனால் இரண்டையும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. நிதிநிலை அறிக்கையின் சில எண்களும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் போதும், அரை மணி நேரத்தில் விஷயம் பிடிபடும்.

பட்ஜெட் உரையைக் கடைசிப் பக்கங்களிலிருந்து படியுங்கள். முன்பகுதி அறிவிப்புகள், கணக்கு முடிவில்தான் வரும். 2025 மார்ச் 14 அன்று தாக்கலான 2025-26 நிதிநிலை அறிக்கையிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டியவை இவை (கோடி ரூபாயில்):

வருவாய் வரவு (வரி முதலிய வருமானம், கடன் சேராது) 3,31,569
வருவாய்ப் பற்றாக்குறை (அன்றாடச் செலவுக்கு வருவாய் வரவு போதாத தொகை) 41,635
நிதிப் பற்றாக்குறை (மொத்தத்தில் கடன் வாங்கி நிரப்ப வேண்டிய தொகை) 1,06,963
மூலதனச் செலவு (சாலை, கட்டடம் போன்ற சொத்துகளுக்கு) 57,231
வட்டி 70,754
ஆண்டு முடிவில் நிலுவைக் கடன் 9,29,959 (மாநில மொத்த உற்பத்தியில், அதாவது மாநிலத்தில் ஓராண்டில் உருவாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பில், 26.07%)

எண்ணை எடுக்கும்போதே ஒரு கண்ணி இருக்கிறது. அட்டவணைகளில் மூன்று வகை எண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்: முடிந்துபோன ஆண்டின் கணக்கு, நடப்பாண்டின் திருத்த மதிப்பீடு, வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்ட மதிப்பீடு. மேலே உள்ளது மூன்றாவது வகை, அதாவது எதிர்பார்ப்பு. ஒரு ஆட்சியின் முடிந்த கணக்கையும் இன்னொரு ஆட்சியின் எதிர்பார்ப்பையும் ஒப்பிடுவதால் கிளம்பும் சண்டைகள் ஏராளம். மதிப்பீட்டை மதிப்பீட்டோடும், கணக்கைக் கணக்கோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

முதலில் வட்டியை வருவாய் வரவால் வகுங்கள். 70,754 ÷ 3,31,569 = 21.3%. அரசுக்கு வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 21 ரூபாய் வட்டிக்கே போகிறது. 26% என்ற எண்ணை விட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். காரணம் எளிது: மாநில மொத்த உற்பத்தி அரசின் பணம் அல்ல. அதில் அரசின் கைக்கு வருவது சுமார் 9.3% மட்டுமே, வட்டி அதிலிருந்துதான் கட்டியாக வேண்டும். இரண்டு மாநிலங்களின் கடன் விகிதம் ஒன்றாகவே இருக்கலாம். வரி வசூல் பலவீனமான மாநிலத்துக்குத்தான் மூச்சுத் திணறும்.

இதைச் சொன்னதும் ஒன்றிய அரசைப் பாருங்கள் என்று பதில் வரும். அதே ஆண்டு அங்கே வட்டி 12.76 லட்சம் கோடி, வருவாய் வரவு 34.20 லட்சம் கோடி, விகிதம் 37%. கணக்கு சரி, ஒப்பீடுதான் சரியில்லை. தன் நாணயத்தில் கடன் வாங்கும் இறையாண்மை அரசின் நிலை வேறு. ஒன்றியத்துக்குக் கடன் பாக்கி உள்ள மாநிலம் புதுக்கடன் வாங்க அரசியலமைப்பின் 293(3) பிரிவின்படி ஒன்றியத்திடமே ஒப்புதல் கேட்டு நிற்க வேண்டும்.

அடுத்து, வாங்கும் கடன் எங்கே போகிறது என்று பாருங்கள். வருவாய்ப் பற்றாக்குறையை நிதிப் பற்றாக்குறையால் வகுத்தால் 41,635 ÷ 1,06,963 = 38.9%. புதிதாக வாங்கும் 100 ரூபாயில் 39 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி போன்ற அன்றாடச் செலவுகளுக்கு. மீதி மூலதனச் செலவுக்கும் அரசு பிறருக்குக் கொடுக்கும் கடனுக்கும். இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். உள்ளாட்சிக்கு மானியமாகக் கொடுத்த பணத்தில் சாலை போட்டாலும் மாநிலத்தின் ஏட்டில் அது வருவாய்ச் செலவுதான். மின்வாரிய நட்டத்தை ஈடுகட்ட மானியமாகக் கொடுத்தாலும் அதே தலைப்புதான். ஆகவே 39 முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த எண் ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனால் அதற்குச் சமாதானம் சொல்வது கடினம்.

மூன்றாவது கணக்குதான் விவாதத்தின் மையம். மேடைகளில் அதிகம் காதில் விழாததும் இதுதான். நிதிப் பற்றாக்குறை ஆண்டுதோறும் உற்பத்தியில் 3% என்றே நீடித்தால் கடன் விகிதம் கடைசியில் எங்கே போய் நிற்கும்? சூத்திரம் இது:

பற்றாக்குறை × (100 + வளர்ச்சி) ÷ வளர்ச்சி

மாநில உற்பத்தியின் வளர்ச்சி 13% என்றால் 3 × 113 ÷ 13 = 26.1. பட்ஜெட் சொன்ன 26.07 என்ற விகிதம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். 12% என்றால் 28, 10% என்றால் 33. ஆக, ‘கடன் கட்டுக்குள் இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்குள் ‘ஆண்டுக்கு 13% வளர்வோம்’ என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

இங்கே சறுக்குபவர்கள் அதிகம். சூத்திரத்தில் போட வேண்டியது நடப்பு விலையில் கணக்கிட்ட வளர்ச்சி, அதாவது விலைவாசி உயர்வும் சேர்ந்தது. செய்தித் தலைப்புகளில் பெரும்பாலும் வருவதோ நிலையான விலையிலான வளர்ச்சி. 8% என்ற அந்த எண்ணைத் தூக்கிப் போட்டால் விடை 40.5 என்று வந்து வீணாகப் பயமுறுத்தும். இன்னொன்று, அந்த இடத்துக்குப் போய்ச்சேரப் பல ஆண்டுகள் ஆகும். வளர்ச்சி 10% ஆகச் சரிந்தாலும் ஓராண்டில் 26.07 என்பது 26.7 ஆகத்தான் மாறும் (26.07 ÷ 1.10 + 3). எனவே ஒரே ஆண்டின் ஏற்றத்தையோ இறக்கத்தையோ வைத்துக் கொடிபிடிப்பதில் அர்த்தமில்லை.

கடன் தொகையே ஆளுக்கு ஆள் மாறுவதும் உண்டு. ஜி.எஸ்.டி.யால் மாநிலங்களுக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்ட 2020-21, 2021-22 ஆண்டுகளில் ஒன்றிய அரசு வாங்கி மாநிலங்களுக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கட்ட ஏற்பாடானது இழப்பீட்டு வரியிலிருந்து, மாநில வருவாயிலிருந்து அல்ல. அதைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். மூலதனச் செலவுக்கு ஒன்றிய அரசு தரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் வழக்கமான கடன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் வாங்கும் கடனுக்கு அரசு கொடுத்த உத்தரவாதம் 9.29 லட்சம் கோடியில் இல்லை. அதற்குத் தனி அட்டவணை உண்டு, அதையும் எடுத்துப் பாருங்கள். பொதுத்துறை நிறுவனங்கள் வாங்கும் இப்படிப்பட்ட கடன்களை மாநிலத்தின் கணக்கில் சேர்க்கலாமா என்று கேரளம் ஒன்றிய அரசோடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஏப்ரலில் அந்த வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

கடனைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வகுக்கும் பழக்கத்தை பல கட்சிகளும் கையாண்டிருக்கின்றன. மாநில நிதிநிலை பற்றித் தமிழ்நாடு அரசு வெளியிட்ட 2021 ஆகஸ்ட் வெள்ளை அறிக்கையில் ஒரு குடும்பத்தின் தலையில் ரூ.2,63,976 என்று வந்தது. 5,70,189 கோடியை 2.16 கோடிக் குடும்பங்களால் வகுத்த கணக்கு அது. கேட்கக் கலக்கமாக இருக்கும். ஆனால் எந்தக் குடும்பமும் அதை மொத்தமாகக் கட்டப்போவதில்லை. கடன் பத்திரம் முதிரும்போது அரசு பெரும்பாலும் புதுப் பத்திரம் வெளியிட்டுப் பழையதை அடைக்கிறது. வகுத்தே தீர வேண்டும் என்றால் வட்டியை வகுங்கள். 70,754 கோடியை அதே 2.16 கோடியால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 32,750 ரூபாய். இது ஒவ்வோர் ஆண்டும் உண்மையிலேயே வெளியே போகும் பணம்.

போட்ட கணக்கைத் தேதியோடு எழுதி வையுங்கள். எந்த ஆண்டின் எண்ணுக்கும் அதற்கடுத்த பட்ஜெட்டில் திருத்த மதிப்பீடு வரும். அதற்குப் பிறகு சி.ஏ.ஜி.யின் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கையான கணக்கு வரும். இடையில் சி.ஏ.ஜி. தளத்தில் மாதந்தோறும் வெளியாகும் தணிக்கையாகாத எண்களில் மூலதனச் செலவு வரியை மட்டும் பார்த்துவந்தாலே பாதி தெரிந்துவிடும். வருவாய் குறைந்தால் சம்பளத்திலும் வட்டியிலும் கை வைக்க முடியாது. முதலில் வெட்டு விழுவது அந்த வரியில்தான். நிதிப் பற்றாக்குறை 3% என்று அழகாக நின்று, 57,231 கோடி மட்டும் சுருங்கியிருந்தால், இரண்டாவது கணக்கைப் புது எண்களோடு திரும்பப் போடுங்கள்.