கருத்தடை முகாமுக்கு முதல்முறை போகும் கால்நடை மருத்துவருக்கு

முகாமுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டீர்களா, சரி, அப்படியானால் ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: மயக்கம் தெளிகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? அறுவைக்குப் பிந்தைய முதல் 3 மணி நேரம்தான் மிகவும் ஆபத்தானது, அந்த நேரத்தில் நீங்களோ அடுத்த விலங்கின் வயிற்றைத் திறந்துகொண்டிருப்பீர்கள். பார்த்துக்கொள்ள ஆள் போதாதென்றால் பட்டியலைக் குறைக்கச் சொல்லுங்கள். காத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லுங்கள்.

வளர்ந்த நாய், பூனைக்கு 6 முதல் 8 மணி நேரம் வயிறு காலியாக இருந்தால் போதும், தண்ணீரைக் காலை வரை கொடுக்கலாம். குட்டிகளை அப்படி இரவு முழுக்கப் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். இதை விலங்கைக் கொண்டுவருபவர்களுக்கு முந்தின நாளே நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

எத்தனை அவசரமானாலும் ஒவ்வொன்றின் நெஞ்சிலும் ஸ்டெதாஸ்கோப்பை வையுங்கள், எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். தொடவே விடாத தெருப்பூனையா? கூண்டோடு நிறுத்து, கூண்டின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கூண்டின்மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டால் பாதிப் பயம் அடங்கிவிடும். வீட்டு நாய் சினைப் பருவத்தில் இருந்தால் ரத்தக் குழாய்கள் தடித்திருக்கும், இன்னொரு நாள் வரச் சொல்லலாம். தெருநாயை அப்படி அனுப்ப மனம் வராது, திரும்பவும் கையில் சிக்குமோ என்னவோ.

மேசையில் செய்வது உங்களுக்குத் தெரிந்த வேலைதான். தோலுக்குக் கரையும் நூலை உள்ளே மறைத்துத் தையுங்கள், தையல் பிரிக்கத் தெருவிலங்கை யாரும் மறுபடி கொண்டுவர மாட்டார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே தெருப்பூனையின் காது நுனியை வெட்டி அடையாளம் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் இன்னொருவர் அதே வயிற்றை வீணாகத் திறக்க நேரிடும். கெட்டமின் என்ற மயக்க மருந்து போட்ட பூனை கண்ணை மூடாது, கண் களிம்பை மறக்காதீர்கள்.

என் மூன்றாவது முகாமில் ஒரு பெண் நாய். அறுவை நன்றாகத்தான் போனது, கட்டியதும் ஒருமுறை பார்த்தேன், மூடினேன். அரை மணி நேரம் கழித்து, ஈறு வெளுத்திருக்கிறது என்று ஒரு கல்லூரி மாணவி வந்து சொன்னாள். விரலால் அழுத்திப் பார்த்தேன், நிறம் திரும்பவே இல்லை. உடனே திறந்தோம், சூலகப் பக்க ரத்தக் குழாயில் போட்ட முடிச்சு நழுவி வயிறெல்லாம் ரத்தம். நாய் பிழைத்தது அந்தப் பெண்ணால்தான். அன்றிலிருந்து ரத்தக் குழாயைப் பிடித்திருக்கும் கவ்வியைத் தளர்த்தி, கட்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.

ஆகவே முகாம் தொடங்கும் முன் தன்னார்வலர்களைக் கூட்டி 10 நிமிடம் சொல்லிக்கொடுங்கள். விலங்கைப் பக்கவாட்டில், கழுத்து நீட்டியபடி படுக்கவைக்க வேண்டும். ஈற்றை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் இளஞ்சிவப்பு திரும்பவேண்டும். உடல்வெப்பம் 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கம்பளி போர்த்துங்கள், வெந்நீர்ப் புட்டி வைத்தால் துணி சுற்றி வையுங்கள், மயங்கிக் கிடக்கும் உயிர் சூட்டைத் தாங்காமல் நகர்ந்துகொள்ளாது. மூச்சுக்காகத் தொண்டை வழியே செருகிய குழாயை, விலங்கு விழுங்கத் தொடங்கியதும் எடுங்கள். சந்தேகமாக இருந்தால் எந்தத் தயக்கமும் இல்லாமல் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள், கூப்பிட்டபின் எரிச்சல் காட்டாதீர்கள்.

அப்புறம் வீட்டுக்காரர்கள். 10 முதல் 14 நாள் குளிப்பாட்டக் கூடாது, நக்கவிடக் கூடாது. பூனைக்கு வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், உயிரே போய்விடும் என்பதை இரண்டு முறை சொல்லுங்கள். ஆண் விலங்கு அறுவைக்குப் பின்னும் சில வாரம் சினைப்படுத்தக்கூடும், பெண் பூனையோடு சேர்ந்து வளர்கிறதென்றால் தனியே வைக்கச் சொல்லுங்கள்.

தெருப்பூனை முழுக்கத் தெளிந்து நேராக நடக்கிறதா என்று பார்த்தபின், பிடித்த அதே இடத்தில், கூண்டின் வாசல் சாலையைப் பார்க்காதபடி மறுபக்கம் திருப்பி வைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.