பனியன் வேஸ்டில் வேகும் அரிசியும் பருப்பும்

திருப்பூரில் துணி வெட்டும்போது மிஞ்சும் துண்டுகளைக் கோவையின் லேத் பட்டறைகளில் கை துடைக்க மூட்டையாக வாங்கிப் போடுவார்கள். அழுக்குப்படாத அதே பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை இருந்தால், அடுப்பை அணைத்த பிறகும் ‘அரிசியும் பருப்பும்’ சாதத்தை வேக வைத்துவிடலாம். 1867ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நார்வேயிலிருந்து வந்த சமையல் பெட்டியும், உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் எரிபொருளை மிச்சப்படுத்தப் பயன்படுத்திய வைக்கோல் பெட்டியும் இந்த முறையைச் சேர்ந்தவையே.

முதலில், இரண்டு டம்ளர் அரிசியையும் அரை டம்ளர் துவரம் பருப்பையும் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். தண்ணீரில் கவனம் வேண்டும். கடினமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பின் செல் சுவரை இறுக்கிவிடும். மென்மையான சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் கிடைப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. தக்காளியின் புளிப்பும் பருப்பை வேகவிடாது என்பதால், இந்தச் சோதனையில் அதை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து, முக்கால் பங்கு நிறையும் அளவுள்ள பாத்திரத்தில் கடலை எண்ணெய் ஊற்றிக் கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவற்றைத் தாளித்து, மஞ்சள்தூளும் உப்பும் ஐந்தரை டம்ளர் தண்ணீரும் சேருங்கள். தண்ணீர் கொதித்ததும் அரிசி, பருப்பைப் போட்டு, மூடி வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்கக் கூடாது. பாத்திரத்தின் நடுப்பகுதி வரை சூடு ஏற வேண்டும்.

அதற்குள் ஓர் அட்டைப்பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் நான்கு விரற்கடைக்குக் குறையாமல் வேஸ்டைப் பரப்பி வையுங்கள். பருத்தித் துணியாக இருப்பது அவசியம். பாலியஸ்டர் மிக அதிகச் சூட்டில் உருகக்கூடும். அடுப்பை அணைத்து அரை நிமிடம் கழித்து, மூடியைத் திறக்காமல் பாத்திரத்தைத் தடித்த துண்டில் சுற்றி உள்ளே இறக்கி, மேலேயும் அதே கனத்துக்கு வேஸ்டைத் திணித்துப் பெட்டியை மூடுங்கள். ஒன்றரை மணி நேரம் தொடாதீர்கள்.

உள்ளே நடப்பது இதுதான். துணி இழைகளுக்கிடையே சிக்கிய காற்று அசைய முடியாது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். அரிசியின் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் குழைவதற்கு ஏறக்குறைய 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் போதுமானது என்பதால், கொதிநிலையிலிருந்து மெல்ல இறங்கும் சூட்டிலேயே சோறு வெந்துவிடுகிறது. மூடியைத் திறப்பதுதான் பெரிய இழப்பு: ஒரு கிராம் நீராவி வெளியேறினால், அரை லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்கும் அளவு வெப்பம் அதனுடன் போய்விடும்.

ஒப்பிட்டுப் பார்க்க, அதே அளவுள்ள பாத்திரத்தில் கொதிநீரை மூடி மேசைமேல் வைத்து, முடிவில் இரண்டின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி இதற்கு உதவாது. சமையலறை வெப்பமானி வேண்டும். சாதம் 60 டிகிரிக்குக் கீழே இறங்கியிருந்தால், உடனே அடுப்பில் ஏற்றி நன்றாகச் சூடாக்கிய பிறகே சாப்பிடுங்கள். அரிசியில் இருக்கும் சில பாக்டீரியா வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. மிதமான சூட்டில் அவை முளைத்துப் பெருகிவிடும்.

வேஸ்ட் ஈரமாகியிருந்தால் வெயிலில் உலர்த்தியே மறுபடி பயன்படுத்துங்கள்; நனைந்த துணி வெப்பத்தை வேகமாக இழுத்துவிடும்.