எத்தியோப்பியா வழியே சீனா: ஆப்பிரிக்கச் செய்திகளை வாசிக்கும் முறை

ஒரு வல்லரசு வேறொரு கண்டத்தில் காலூன்ற முயலும்போது, தலைவர்கள் வெளியிடும் கூட்டறிக்கையைப் படிப்பதற்கு முன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சீனா ஏன் எத்தியோப்பியாவை நாடியது என்பதற்குப் பாதி விடை அதிலேயே இருக்கிறது. 1993-இல் எரித்திரியா தனி நாடானதும் கடற்கரையை இழந்த எத்தியோப்பியா, தன் ஏற்றுமதி இறக்குமதியில் பெரும்பகுதிக்கு அண்டை நாடான ஜிபூட்டியின் துறைமுகங்களையே நம்பியிருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகமும் எத்தியோப்பியத் தலைநகரான அடிஸ் அபாபாவில்தான் உள்ளது. அதற்கான கட்டடத்தைச் சுமார் 20 கோடி டாலர் செலவில் கட்டி, 2012-இல் அன்பளிப்பாகவே தந்தது சீனா. அதன் கோபுரத்தின் உயரம் 99.9 மீட்டர், ஒன்றியத்தை அமைக்கத் தீர்மானித்த 9-9-1999 என்ற நாளைக் குறிக்கும் அளவு அது. பெறுபவரின் மனமறிந்து கொடுத்த சீர் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்து, கடனைப் பாருங்கள். சுமார் 750 கி.மீ. நீளமுள்ள அடிஸ் அபாபா–ஜிபூட்டி மின்சார ரயில்பாதைக்குப் பணம் தந்தவர் யார், கட்டியவர் யார், ஓட்டியவர் யார், தவணை எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். முதல் மூன்றுக்கும் விடை சீனாதான்: கடனில் பெரும்பகுதி சீன ஏற்றுமதி–இறக்குமதி வங்கியுடையது, பாதை அமைத்தவை சீன நிறுவனங்கள், 2018 ஜனவரியில் வணிகப் போக்குவரத்து தொடங்கியபோது இயக்கும் பொறுப்பும் அவற்றிடமே இருந்தது. நான்காவது கேள்வியில்தான் சற்று நிற்க வேண்டும். 10 ஆண்டுகளில் அடைக்க வேண்டிய அந்தக் கடனுக்கு 30 ஆண்டு அவகாசம் கிடைத்ததாக 2018 செப்டம்பரில் பிரதமர் அபி அகமது அறிவித்தார். இதைப் பெருந்தன்மை என்றோ கடன்பொறி என்றோ அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. கடன் பெரிதாகிவிட்டால் கொடுத்தவரும் எளிதில் விலகிப்போக முடியாது என்பதே எனக்கு இதில் தெரிகிறது.

பங்குதாரர் பெயர்களையும் விடாதீர்கள். ஜிபூட்டித் துறைமுகத்தில் பங்கு வாங்கிய, சீன அரசுக்குச் சொந்தமான சைனா மெர்ச்சன்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனமே, 2017-இல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சீனாவின் முதல் வெளிநாட்டு ராணுவத் தளம் ஜிபூட்டியில் திறக்கப்பட்டது.

ஆயினும் கூட்டாளி நாட்டை வெறும் பொம்மையாக எண்ணிவிடாதீர்கள். சிறிய நாடான ஜிபூட்டிகூட அமெரிக்கா, பிரான்சு, ஜப்பான், இத்தாலி ஆகிய நாடுகளின் படைகளுக்கும் தன் மண்ணில் இடம் கொடுத்து வாடகை வாங்குகிறது. ஆகவே சீனா எதைப் பெற்றது என்று குறித்துக்கொள்ளும் அதே தாளில், அந்த நாடு வேறு யார் யாருக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.