அம்மா கண்ணிவெடி முகாமில் நிற்கிற நாட்களில் வீட்டை நடத்துவது எப்படி

என் மனைவி கண்ணிவெடி அகற்றுகிற வேலைக்குப் போகத் தொடங்கி இது ஆறாவது வருடம். முதலில் முகமாலையில் வேலை என்றபடியால் விடியப்புறம் வான் வண்டியில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்புறம் அவளுடைய குழுவை மன்னார்ப் பக்கம் மாற்றினார்கள். அங்கே முகாமில் தங்கித்தான் வேலை, ஏறக்குறைய மூன்று கிழமைக்கு ஒருமுறை லீவு. வீட்டில் நான், ஒன்பது வயது மகள், ஐந்து வயது மகன், மனைவியின் தாய். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற குடும்பம். தாய் வெளியில் நிற்க வீட்டைத் தகப்பன் எப்படி நடத்துவது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, பிழைவிட்டுப் பிழைவிட்டுத்தான் படித்தேன். இப்போது புதிதாக இந்த வேலைக்குப் போகிற பெண்களின் வீட்டுக்காரர் வந்து கேட்கிறார்கள் என்றபடியால் எழுதி வைக்கிறேன். ஆமிக்கோ சிவில் பாதுகாப்புக்கோ கட்டாருக்கோ ஒருவர் போயிருக்கிற வீட்டுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது

உண்மையைச் சொல்லுங்கள், வயதுக்கு ஏற்ற அளவில். "அம்மா ஒபிசுக்குப் போயிருக்கிறா" என்று நாங்கள் ஆரம்பத்தில் சின்னவனுக்குச் சொன்னோம். முன்பள்ளியில் இன்னொரு பிள்ளை "உன்ர அம்மா குண்டு எடுக்கப் போறவ" என்று சொல்லிவிட்டது. அன்று இரவு அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அம்மம்மாவிடமும் கேட்கவில்லை, போர்வைக்குள் கிடந்து அழுதான். அதற்குப் பிறகுதான் மனைவி லீவில் வந்தபோது இருவரையும் பக்கத்தில் இருத்தி, போனில் இருந்த படங்களைக் காட்டி, ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினாள். இது முகத்தை மூடுகிற கண்ணாடிக் கவசம், இது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போடுகிற பாரமான அங்கி, இதுதான் இரும்பு இருந்தால் சத்தம் போடுகிற கருவி. நாங்கள் ஒரு மீற்றர் அகலமான ஒழுங்கைக்குள்தான் முழங்காலில் இருந்து முன்னுக்குப் போவோம், பார்த்து முடித்த இடத்தில்தான் கால் வைப்போம், ஒருவருக்குப் பக்கத்தில் மற்றவர் நிற்கமாட்டோம், மருந்து தெரிந்த ஆளும் அம்புலன்சும் எப்போதும் பக்கத்தில் நிற்கும். மகள் கேட்டாள், "அப்ப ஒன்றும் நடக்காதா?" மனைவி "நடக்காது" என்று சொல்லவில்லை. "நடக்கக்கூடாது என்றுதான் இவ்வளவு மெதுவாகச் செய்கிறோம்" என்றாள். அந்தப் பதில் பிள்ளைக்குப் போதுமாக இருந்தது. பயம் முழுக்கப் போகவில்லை, ஆனால் அதற்குப் பிறகு பயத்தை வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினாள்.

இதில் நாங்கள் விட்ட ஒரு பிழையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கட்டும் என்று மனைவி முற்றத்தில் இரண்டு தடியை நட்டு ஒழுங்கை மாதிரி அடையாளம் செய்து, பிஸ்கட் ரின் மூடி ஒன்றை மண்ணுக்குள் தாட்டு, குப்பை வாருகிற இரும்பு ரேக்கால் மண்ணை மெல்ல மெல்ல இழுத்து அதை எடுத்துக் காட்டினாள். இரண்டு பேருக்கும் சரியான சந்தோஷம். அடுத்த நாள் பார்த்தால் சின்னவன் கரண்டியோடு வாய்க்கால் கரையில் குந்தி இருந்து கிண்டிக்கொண்டிருக்கிறான், "அம்மா மாதிரி தேடுறன்" என்கிறான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. எங்கள் மண்ணில் எது எங்கே கிடக்கும் என்று இன்னும் முழுதாகச் சொல்ல முடியாது. ஆகவே படத்தில் காட்டுங்கள், வாயால் சொல்லுங்கள், தேடுகிற விளையாட்டாக மட்டும் ஆக்காதீர்கள். அதோடு சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்: மண்ணில் தெரியாத சாமான் கண்டால் தொடக்கூடாது, எறியக்கூடாது, போன வழியாலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். அம்மாவின் வேலையில் பிள்ளைகள் செய்யக்கூடிய பங்கு அதுதான், எங்கள் பிள்ளைகள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அம்மம்மாவை மறந்துவிடாதீர்கள்

பிள்ளைகளைவிடக் கஷ்டப்படுவது வீட்டில் இருக்கிற முதியவர். என் மாமியின் மூத்த மகன் 2009 இல் காணாமல் போனவர். ஒருவர் படலையைத் தாண்டிப் போனால் திரும்பி வரும்வரை அவருக்கு உயிர் உயிராக இருக்காது, அதை நாங்கள் யாரும் குறையாகச் சொல்ல முடியாது. மாலை ஆறரைக்கு மகளின் போன் வரும் என்று திண்ணையில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். மழை நாளில் சிக்னல் இல்லாமல் அழைப்பு வராவிட்டால் சாப்பிட மாட்டார், சாமி அறைக்குள் போய் விளக்கைக் கொளுத்திவிட்டு இருந்துவிடுவார். அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் சோற்றைத் தொடமாட்டார்கள்.

"பயப்படாதேங்கோ மாமி" என்று நூறு தரம் சொல்லிப் பார்த்தேன், ஒரு பயனும் இல்லை. பயன்பட்டது வேறு. மனைவி லீவில் நின்றபோது அவளே தாயிடம் விளக்கமாகச் சொன்னாள்: வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது, முகாமில் சிக்னல் வந்து போகும், போன் வரவில்லை என்றால் போன் வரவில்லை என்பது மட்டும்தான். ஏதும் நடந்தால் குழுத் தலைவர் மருமகனுக்குப் போன் அடிப்பார், அவருக்குக் கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டு அண்ணைக்கு அடிப்பார், இரண்டு நம்பரும் அங்கே எழுதிக் கொடுத்திருக்கிறது. நான் அந்த இரண்டு நம்பரையும் குழுத் தலைவரின் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மாமிக்கு வாசிக்கக் கஷ்டம், ஆனால் அந்தக் கடதாசி அங்கே இருக்கிறது என்பதே அவருக்கு ஒரு பிடி. இப்போதும் பயப்படுகிறார்தான், ஆனால் சாப்பிடுகிறார்.

அவளுக்கு வீட்டு விஷயத்தை எப்போது சொல்வது

இந்த வேலைக்குப் போனவரின் வீட்டார் மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருதரம் மாரியில் மகளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் விடவில்லை. மனைவி கவலைப்படுவாள் என்று சொல்லாமல் மறைத்தேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்து, டெங்கு இல்லை என்று தெரிந்து, பிள்ளையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். ஆனால் சொந்தக்காரர் ஒருவர் "மருமகளுக்குச் சுகம் கிடைக்கட்டும்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார். காலையில் வேலைக்கு இறங்குவதற்குக் கொஞ்சம் முதல் மனைவி அதைப் பார்த்திருக்கிறாள். நல்லகாலம், "இன்றைக்கு என் மனம் சரியில்லை, ஒழுங்கைக்குள் இறங்கமாட்டேன்" என்று தானாகவே போய்ச் சொல்லியிருக்கிறாள். கைக்குக் கீழே மிதிவெடி இருக்கிற ஒருவருக்கு மனம் வேறெங்கோ நிற்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு இருவரும் பேசி மூன்று விஷயம் வைத்துக்கொண்டோம். ஒன்றையும் மறைப்பதில்லை. காலையில் சொல்வதில்லை, வேலை முடிந்து அவள் குளித்துச் சாப்பிட்ட பிறகு பின்னேரம் சொல்வது, அதுவும் "பிள்ளைக்குக் காய்ச்சல்" என்று மட்டும் சொல்லி விடாமல் நான் என்ன செய்திருக்கிறேன், அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்றும் சேர்த்துச் சொல்வது. பாரதூரமான விஷயம் என்றால் அவளுக்கு நேரே அடிக்காமல் குழுத் தலைவருக்கு அடிப்பது, அவர் அவளை வெளியில் எடுத்து இருத்திவிட்டுச் சொல்வார். சொந்தக்காரருக்கும் சொல்லி வையுங்கள், ஸ்டேட்டஸ் போடுகிறவர்களுக்கு முக்கியமாக.

சண்டையும் அப்படித்தான். காசுப் பிரச்சினை, மாமியோடு ஒரு மனஸ்தாபம், எதுவாக இருந்தாலும் காலைப் போனில் எடுக்காதீர்கள். லீவுக்கு இன்னும் நாலு நாள் என்றால் அதுவரை பொறுங்கள்.

போனில் என்ன பேசுவது

ஐந்து வயதுப் பிள்ளையிடம் போனைக் கொடுத்து "அம்மாவோட கதை" என்றால் அவன் கதைக்கமாட்டான். அதைப் பார்த்து அவள் அந்தப் பக்கம் அழுவாள், பிள்ளைக்குத் தன்மேல் பாசம் இல்லையென்று நினைப்பாள். எங்கள் வீட்டில் பலித்தது, போன் எடுக்க முதல் பிள்ளையின் கையில் ஒரு சாமானைக் கொடுத்துவிடுவது. கொப்பியில் கீறிய படம், விழுந்த பல், பூனைக்குட்டி, ஏதாவது. அதைக் காட்டத் தொடங்கினால் கதை தானாக வரும். நாலு நிமிடம் போதும், ஓடப் பார்த்தால் ஓட விடுங்கள்.

பெரிய பிள்ளைக்கு அம்மாவின் அதிகாரத்தை வீட்டில் மிச்சம் வைத்திருங்கள். சில முடிவுகளை நான் வேண்டுமென்றே எடுப்பதில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகலாமா, தலைமுடியை வெட்டலாமா, ரியூசன் மாற்றலாமா என்பதெல்லாம் அம்மாவிடம் போகும், அவள் சொல்வதுதான் தீர்ப்பு. கணக்கு வீட்டுவேலையைப் படம் எடுத்து அனுப்பினால் அவள் இரவில் பார்த்துக் குரல்பதிவு போடுவாள். அதேநேரம் "அம்மா வரட்டும், சொல்லித் தாறன்" என்று பிள்ளையை வெருட்டாதீர்கள். மூன்று கிழமை காத்திருந்து வருகிற தாயைத் தண்டனை கொடுக்கிற ஆளாக்கினால், பிள்ளை படலையடிக்கு எப்படி ஓடிவரும்? கண்டிக்க வேண்டியதை நீங்களே அன்றன்றைக்குக் கண்டியுங்கள்.

தலை பின்னுவதைப் பற்றியும் ஒரு சொல். பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைக்கு இரட்டைப் பின்னல், ரிபன். முதல் கிழமை நான் பின்னியது வாசலைத் தாண்ட முதலே அவிழ்ந்தது, மகள் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் அன்ரியிடம் பின்னிக்கொண்டு போனாள். எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. மனைவி வீடியோ அழைப்பில் சொல்லித் தந்தாள்: தலையைக் கொஞ்சம் ஈரமாக்கு, சீப்பின் வாலால் நடு உச்சியில் இருந்து பிடரி வரை நேராக வகிடு எடு, காதுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துத் தொடங்கு, பாதிக்கு வந்ததும் ரிபனை மூன்றில் ஒரு புரியோடு சேர்த்துப் பின்னு. இரண்டு கிழமையில் பிடிபட்டது. ஆண்கள் படியுங்கள். காலையில் அந்தப் பத்து நிமிடம் பிள்ளை பின்பக்கம் காட்டிக்கொண்டு இருக்கிறபோதுதான் மனதில் உள்ளதைச் சொல்கிறது.

காசும் கடதாசிகளும்

சுருக்கமாகச் சொல்கிறேன். போக முதல் பிறப்பத்தாட்சிப் பத்திரம், கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஒரே பையில். வகுப்பு ஆசிரியரிடம் நேரே போய், தாய் முகாமில் நிற்கிறா, ஏதும் என்றால் எனக்கு அடியுங்கள் என்று சொல்லுங்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, காசில்லை. வயல்வெளியில் பாம்புக் கடிக்கு ஓட்டோ தேடி ஓடுவதற்கு முதல் இதற்கு அடியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கும் வங்கிக் கணக்குக்கும் பின்னுரித்தாளி, அதாவது எங்களுக்குப் பிறகு அந்தக் காசைப் பெறுகிறவர், யார் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள், பேச விருப்பமில்லாத விஷயம் என்றாலும் ஒருதரம் பேசி முடித்துவிடுங்கள்.

கடனில் கவனம். மாதச் சம்பளம் வருகிறது என்று தெரிந்தால் நுண்கடன்காரர் வீட்டுக்கே வருவார்கள். இந்த வேலை நிரந்தரம் இல்லை. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது, அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன். வேலை நடப்பதும் பெரும்பாலும் வெளிநாட்டு உதவிக் காசில், அது குறைந்தால் ஆட்களும் குறைவார்கள். ஆகவே இந்தச் சம்பளத்தை நம்பி ஏழு வருடக் கடன் எடுக்காதீர்கள். நாங்கள் அவளுடைய காசில் கிணற்றைக் கட்டினோம், இரண்டு மாடு வாங்கினோம், மிச்சம் வங்கியில் கிடக்கிறது.

லீவில் வரும்போது

முதல் நாள் விருந்து வைக்காதீர்கள், சொந்தக்காரரைக் கூப்பிடாதீர்கள். வெயிலில் முழங்காலில் நின்று வந்த உடம்பு, அவளுக்கு வேண்டியது குளிப்பும் புட்டும் நித்திரையும்தான். சின்னவன் முதல் சில மணித்தியாலம் கிட்டப் போகமாட்டான், என் காலுக்குப் பின்னால் நின்று பார்ப்பான். "அம்மாவிட்டப் போ" என்று தள்ளாதீர்கள். இரவு அவனே தலையணையோடு போய்ப் பக்கத்தில் படுப்பான்.

இரண்டாம் நாள் அவள் குசினிக்குள் போய் நான் வைத்த சாமான்களை எல்லாம் இடம் மாற்றுவாள். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகுதான் யோசித்தேன், அவள் தன்னுடைய வீட்டுக்குள் திரும்ப வருகிற வழி அது. இப்போது மிளகாய்த்தூள் போத்தல் எங்கே இருக்கிறது என்று அவளிடமே கேட்கிறேன். லீவு நாட்களை முடிந்தால் ஊரின் நாட்களோடு பொருத்திக் கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவள் நின்றால் மாமிக்கு வருடம் முழுக்கப் போதும்.

திரும்பப் போகிற நாள் வான் விடிய நாலரைக்கு வரும். பிள்ளை நித்திரையில் இருக்கிறபோது மெல்லக் கழன்று போவது சுகம் என்றுதான் நாங்களும் நினைத்தோம். எழும்பிப் பார்த்து அம்மா இல்லை என்றால் அவன் அடுத்த ஒரு கிழமை ஒவ்வொரு இரவும் நாலைந்து தரம் எழும்பித் தடவிப் பார்ப்பான். இப்போது எழுப்புகிறோம். முதல் நாள் இரவே பையைப் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டுவாள், அடுத்த லீவுத் திகதியை மகள் கலண்டரில் வட்டம் போடுவாள், திகதி மாறலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவாள். விடிய விளக்கைப் போட்டு இருவரையும் எழுப்பி, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறப்பாள். சின்னவன் அரைக் கண்ணோடு என் தோளில் கிடந்து "சரி, போட்டு வாங்கோ" என்பான். வானின் பின் வெளிச்சம் ஒழுங்கை முடக்கில் மறைந்ததும் மாமி அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைப்பார்.