ஸ்பானிஷ் படிக்க எந்த ஊர்?

ஸ்பானிஷ் படிக்க வெளிநாடு போவதென்று முடிவானால், கட்டணத்தை விசாரிக்கும் முன் அந்த ஊர்க்காரர்கள் பேசுவதை யூடியூபில் பத்து நிமிடம் கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது மலையூர்கள்தான்: கொலம்பியாவின் பொகோட்டா, ஈக்வடாரின் கீட்டோ. அங்கே சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' தெளிவாகக் கேட்கும். அதே கொலம்பியாவில் கடலோரக் கார்த்தஹேனாவுக்கோ, கியூபாவுக்கோ, ஸ்பெயினின் தெற்கே செவில்லுக்கோ போனால் அந்த 'ஸ்' கரைந்துவிடும். புத்தகத்தில் 'மாஸ் ஓ மேனோஸ்' (ஏறக்குறைய) என்று படித்தது காதில் 'மா ஓ மேனோ' என்றுதான் விழும். அழகான பேச்சுதான், ஆனால் முதல் மாதத்தில் திணறடிக்கும். கொஞ்சம் பழகிய பின் அங்கே போனால் காது நன்றாகத் தேறும்.

அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் தெருவைக் குறிக்கும் 'காயே', 'காஷே' ஆகிவிடும். 'நீ' என்பதற்கு 'து' இல்லை, 'வோஸ்'. வினைச்சொல்லும் கூடவே மாறும். மாட்ரிட்டில் நன்றி சொல்லும் 'கிராசியாஸ்', 'கிராத்தியாஸ்' ஆகும்.

அப்புறம், யாரோடு பேசப்போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மெக்சிகோ வாடிக்கையாளர்களோடு வேலை என்றால் மெக்சிகோ நகரமே சரி. பணம் கட்டும் முன், பாடம் நடத்துபவர் எந்த ஊர்க்காரர் என்றும் கேட்டுவிடுங்கள்.